சபையை விட்டவர்களும் பண்டிகை நாள்களும்

கண்டிப்பான ஒரு கிறிஸ்தவ சபையை விட்டு வெளியே வருகிறவர், அதன் உபதேசத்தை ஒரே நாளில் மறுத்துவிடலாம். ஆராதனைக்குப் போவதையும் காணிக்கை கொடுப்பதையும் நிறுத்திவிடலாம். பண்டிகை அப்படி நிற்பதில்லை. வருடம் திரும்பும்போதெல்லாம் அது அம்மாவின் அழைப்பாக வரும். பிள்ளையின் பள்ளிக்கூட விழாவாகவும், பக்கத்து வீட்டிலிருந்து வரும் பலகாரத் தட்டாகவும் வரும். கொண்டாடினால் பழைய குற்ற உணர்வு குத்துகிறது. கொண்டாடாவிட்டால் இன்னும் அந்தச் சபைக்குள்ளேயே இருப்பது போலத் தோன்றுகிறது. விசுவாசத்தை இழந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு. விசுவாசத்தோடு வேறு சபைக்குப் போனவர்களுக்கும் உண்டு.

இந்தக் கேள்வியை முழுதாகப் பார்க்க, முதலில் பண்டிகைகளைச் சபைகள் ஏன் தடுத்தன என்பதை அறிய வேண்டும். பிறகு, வெளியே வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு மிகத் தெளிவான சான்றுகள் அமெரிக்காவில் கிடைக்கின்றன. ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் நிறுவிய உலகளாவிய தேவ சபை, யெகோவாவின் சாட்சிகள் ஆகிய இரண்டையும் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். முன்னது தன் மக்களுக்குத் தனியான பண்டிகை வரிசை ஒன்றைக் கொடுத்தது. பின்னது ஏறக்குறைய எல்லாப் பண்டிகைகளையும் எடுத்துவிட்டது.

தடையின் வரலாறு

கிறிஸ்மஸைத் தடுப்பது இருபதாம் நூற்றாண்டின் புதுமை அல்ல. ஸ்காட்லாந்தின் சீர்திருத்தவாதிகள் 1560இல் எழுதிய ஒழுங்குமுறை நூலிலேயே, வேதத்தில் கட்டளையில்லாத பண்டிகைகளை நீக்க வேண்டும் என்றார்கள். இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1647இல் கிறிஸ்மஸ், ஈஸ்டர் முதலிய திருநாள்களை ரத்து செய்தது. அந்த ஆண்டு கிறிஸ்மஸ் அன்று கான்டர்பரியில் மக்கள் கலவரத்தில் இறங்கினார்கள். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், மாசச்சூசெட்ஸ் குடியேற்றம் 1659இல் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. அந்தச் சட்டம் 1681இல் நீங்கினாலும் அதன் நிழல் நீங்க நெடுங்காலம் ஆயிற்று. ஸ்காட்லாந்தில் கிறிஸ்மஸ் பொது விடுமுறையானது 1958இல்தான்.

சட்டத்தைவிட வீட்டுக்குள் இந்தத் தடை எப்படி இருந்தது என்பதை எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்ற நினைவுநூல் காட்டுகிறது. அவருடைய தந்தை பிலிப் ஹென்றி காஸ், பேர்பெற்ற இயற்கை அறிவியலாளர். பிளிமத் சகோதர சபையைச் சேர்ந்தவர். 1857ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் அன்று, வேலைக்காரப் பெண்கள் தங்களுக்கு ரகசியமாகச் செய்துகொண்ட புட்டிங்கில் ஒரு துண்டைச் சிறுவனுக்கும் கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு வயிற்று வலியோடு மனசாட்சியும் வலித்தது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்றுவிட்டேன் என்று தந்தையிடம் சொன்னான். தந்தை அவனை இழுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி, மிச்சமிருந்த புட்டிங்கைக் குப்பை மேட்டில் எறிந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, அந்த விசுவாசத்தை எப்போதோ விட்டுவிட்ட எழுத்தாளர், அந்தக் குப்பை மேட்டை மறக்கவில்லை. உபதேசம் புத்தியில் தங்குகிறது. பண்டிகையும் அதன் தடையும் உடம்பில் தங்குகின்றன. அதனால்தான் வெளியே வந்தவருக்கு, தர்க்கம் தீர்த்துவைத்த விஷயம் கூட ஒரு துண்டு கேக்கின் முன்னால் மறுபடியும் எழுந்து நிற்கிறது.

அந்நிய தெய்வ வாதம்

இருபதாம் நூற்றாண்டின் கண்டிப்பான சபைகள் வேதத்தில் கட்டளை இல்லை என்பதோடு நிற்கவில்லை. கிறிஸ்மஸும் ஈஸ்டரும் பாபிலோனிய விக்கிரக வழிபாடே என்றன. இதற்கு அவர்கள் பெரிதும் நம்பிய நூல், ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் 1853இல் சிறு வெளியீடாகத் தொடங்கி 1858இல் விரித்தெழுதிய 'இரண்டு பாபிலோன்கள்'. வேதத்தில் வரும் நிம்ரோது, பழங்கதை அரசி செமிராமிஸ், அவர்களின் குழந்தை என்று ஒரு சங்கிலியைக் கட்டி, ரோமன் கத்தோலிக்க வழிபாடு முழுவதையும் அதில் மாட்டினார் அவர். யெகோவாவின் சாட்சிகளின் வெளியீடுகள் அந்த நூலைப் பல பத்தாண்டுகள் மேற்கோள் காட்டின. ஆம்ஸ்ட்ராங்கின் கிறிஸ்மஸ் பிரசுரமும் அதே நிம்ரோது கதையைச் சொன்னது.

அந்தச் சங்கிலியை அதை நம்பியிருந்த ஒருவரே அறுத்தார். ரால்ஃப் உட்ரோ என்ற அமெரிக்கச் சுவிசேஷகர், ஹிஸ்லப்பை அடியொற்றி 1966இல் எழுதிய புத்தகம் பரவலாக விற்றது. பிறகு அவர் ஹிஸ்லப் காட்டிய ஆதாரங்களைத் தேடிப் பார்த்தார். பல இடங்களில் ஆதாரம் சொல்லாததை ஹிஸ்லப் சொல்லியிருந்தார். உட்ரோ விற்றுக்கொண்டிருந்த தன் நூலைத் தானே நிறுத்தினார். அதை மறுத்து 1997இல் வேறொரு நூல் எழுதினார்.

அப்படியானால் டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? ரோமில் அந்த நாளில் கிறிஸ்து பிறப்பு குறிக்கப்பட்டதற்கான மிகப் பழைய சான்று, 354இல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்குறிப்பில் இருக்கிறது. அதன் பட்டியல் 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பார்கள். பேரரசர் அவுரேலியன் 274இல் சூரியனுக்குக் கோயில் எழுப்பியதோடு இதைச் சேர்த்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. மார்ச் 25இல் கிறிஸ்து கருவானார் என்ற கணக்கிலிருந்து ஒன்பது மாதம் கூட்டி வந்தது என்பவர்களும் உண்டு. கிறிஸ்மஸ் மரத்துக்கு எதிராக அடிக்கடி காட்டப்படும் எரேமியா பத்தாம் அதிகாரமோ, தச்சன் மரத்தைச் செதுக்கி வெள்ளியும் பொன்னும் பூசும் விக்கிரகத்தைப் பற்றிப் பேசுகிறது. வீட்டில் மரம் வைக்கும் ஜெர்மானிய வழக்கத்துக்குக் கிடைக்கும் சான்றுகள் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இந்தச் செய்திகள் வெளியே வந்தவருக்கு உதவும். பயத்தின் பிடி தளரும். ஆனால் வரலாற்றைப் படித்து முடித்த பிறகுதான் ஒரு பண்டிகையைத் தொடலாம் என்பதில்லை. தொடக்கம் எங்கே என்று பார்த்தால் வாரத்தின் நாள் பெயர்களைக் கூட நாம் சொல்ல முடியாது. இன்று அந்த நாளில் ஒருவர் யாரை நினைக்கிறார், என்ன செய்கிறார் என்பதே அந்த நாளின் பொருள்.

ஆம்ஸ்ட்ராங்கின் சபை

ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் (1892–1986) ஒரிகனில் வானொலி பிரசங்கியாகத் தொடங்கி, கலிஃபோர்னியாவின் பாசடீனாவைத் தலைமையிடமாக்கினார். அவருடைய சபை கிறிஸ்மஸ், ஈஸ்டர், பிறந்தநாள் எல்லாவற்றையும் விலக்கியது. அவற்றின் இடத்தில் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தின் பண்டிகைகளை வைத்தது: பஸ்கா, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, பெந்தெகொஸ்தே, எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை, அதையொட்டி வரும் கடைசிப் பெரிய நாள்.

இவை பெயருக்கு இருக்கவில்லை. வசந்த காலத்தில் புளிப்பு நீக்குவதற்காக ரொட்டித் துணுக்கைத் தேடி அலமாரி, சோபா, கார் இருக்கை வரை துடைத்தார்கள். பாவநிவாரண நாளில் இருபத்துநான்கு மணி நேரம் தண்ணீர் கூட இல்லாத உபவாசம். கூடாரப் பண்டிகைக்கு எட்டு நாள் ஊரை விட்டுப் போக வேண்டும். டெக்சஸின் பிக் சாண்டி, ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவு, விஸ்கான்சின் டெல்ஸ் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள்.

இதற்கான பணம் இரண்டாம் தசமபாகத்திலிருந்து வந்தது. வருமானத்தில் முதல் பத்திலொன்று சபைக்கு. இரண்டாவது பத்திலொன்று பண்டிகைச் செலவுக்கென்று சேமிக்க வேண்டும். ஏழு வருடச் சுற்றில் மூன்றாம், ஆறாம் வருடங்களில் ஏழைகளுக்கென மூன்றாவது பத்திலொன்று. வருடம் முழுக்க இழுத்துப் பிடித்து வாழ்ந்த குடும்பம் அந்த எட்டு நாள் நல்ல ஹோட்டலில் தங்கியது, விரும்பியதைச் சாப்பிட்டது, பிள்ளைகளுக்குப் பரிசு வாங்கியது. அக்டோபரில் பள்ளிக்கு ஒரு வாரத்துக்கு மேல் விடுப்புக் கேட்டு, டிசம்பரில் வகுப்பு விழாவில் ஒதுங்கி உட்கார்ந்த பிள்ளைக்கு, கூடாரப் பண்டிகைதான் வருடத்தின் உச்சம்.

ஆம்ஸ்ட்ராங் 1986 ஜனவரியில் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஜோசப் டகாச், பழைய உடன்படிக்கையின் ஓய்வுநாளும் பண்டிகைகளும் தசமபாகமும் கிறிஸ்தவர்களுக்குக் கட்டாயமில்லை என்று 1994 டிசம்பரில் வெளிப்படையாகப் பிரசங்கித்தார். சபை உடைந்தது. 1995இல் ஐக்கிய தேவ சபை பிரிந்தது; அதற்கு முன்னும் பின்னும் பல பிரிவுகள் கிளம்பின. உச்சத்தில் சுமார் ஒன்றரை லட்சம் பேர் கூடிய சபை பாதிக்கு மேல் ஆட்களை இழந்தது. மீதமிருந்தது 2009இல் வேறு பெயர் எடுத்துக்கொண்டது.

இந்த நிகழ்வு நம் கேள்விக்கு அரிய பாடம். சபையை விட்டுப் போகாமலே, சபையே மாறியதால், மக்கள் தங்கள் பண்டிகைகளை இழந்தார்கள். தசமபாகப் பாரமும் பயமும் நீங்கியதை விடுதலை என்று சொன்னவர்கள் பலர். அதே ஆட்கள்தான் அக்டோபர் வந்தபோது ஏங்கினார்கள். ஒரே குடும்பத்தில் தாய் தந்தை கூடாரப் பண்டிகைக்குப் புறப்பட, பிள்ளைகள் கிறிஸ்மஸ் மரம் வைத்த வீடுகள் உண்டாயின. பொய்யான போதனையின் கீழ் பெற்ற மகிழ்ச்சியும் உண்மையான மகிழ்ச்சிதான். அதற்காக ஏங்குவது பலவீனமுமல்ல, திரும்பிப் போகும் அறிகுறியுமல்ல. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் நெடுநாள் தவிக்கிறார்கள்.

யெகோவாவின் சாட்சிகள்

யெகோவாவின் சாட்சிகளின் அனுபவம் வேறு. அவர்களின் முன்னோர்களான வேதாகம மாணாக்கர் கிறிஸ்மஸ் கொண்டாடியவர்களே; புரூக்ளின் தலைமையகத்தில் கடைசியாகக் கொண்டாடியது 1926இல். பிறந்தநாளும் பிற்பாடு விலக்கப்பட்டது. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் மட்டுமே, இரண்டு நாளிலும் கொலை நடந்தது என்பது அவர்கள் காட்டும் காரணங்களில் ஒன்று. திருமண நாளுக்குத் தடையில்லை. வருடத்தில் அவர்கள் ஆசரிக்கும் ஒரே நாள், நிசான் 14இல் சூரியன் மறைந்த பின் நடக்கும் கிறிஸ்துவின் மரண நினைவு ஆசரிப்பு. அதில் அப்பமும் திராட்சரசமும் கைமாறிப் போகும். மிகச் சிலரே அதில் பங்கெடுப்பார்கள்.

இங்கிருந்து வெளியே வருகிறவருக்கு ஏங்கப் பண்டிகை இல்லை. கொண்டாடவே தெரியாது என்பதுதான் தவிப்பு. பிறந்தநாளுக்கு என்ன வாங்கிப் போவது, பரிசைப் பிரிக்கும்போது எப்படி முகம் வைத்துக்கொள்வது, கேக் வெட்டும் பாட்டில் சேர்ந்துகொள்வதா என்பவை எல்லாம் நாற்பது வயதில் முதல்முறையாகக் கற்கும் விஷயங்கள். அதைவிடக் கடுமையானது தனிமை. ஞானஸ்நானம் பெற்றபின் சபையிலிருந்து நீக்கப்பட்டவரோடும் தானாக விலகியவரோடும் நெருங்கிய சொந்தம் கூடப் பழகுவதைக் குறைத்துக்கொள்கிறது. கொண்டாட உரிமை கிடைத்த அதே வருடம், கூடக் கொண்டாட ஆள் இல்லாமல் போகிறது. இப்படிப்பட்டவருக்கு முதலில் வேண்டியது அவரை உட்கார அழைக்கும் ஒரு வீடு. கொண்டாட்ட முறைகளை அவர் அங்கேயே கற்றுக்கொள்வார்.

வெளியே வந்தவர்களின் வழிகள்

நினைவுநூல்களையும் சபை வரலாறுகளையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. சிலர் தடுக்கப்பட்ட எல்லாவற்றையும் முதல் வருடமே அள்ளிக்கொள்கிறார்கள்: பெரிய மரம், வாசல் நிறைய விளக்கு, கடன் வாங்கிப் பரிசு. சிலர் எந்த நாளையும் தொடுவதில்லை. பண்டிகை என்றாலே ஏமாற்று என்று ஒதுங்குகிறார்கள். சிலர் பழையதில் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பிரசங்கம் இல்லாமல் அக்டோபர் பயணத்தைத் தொடர்ந்த முன்னாள் ஆம்ஸ்ட்ராங் குடும்பங்கள் இப்படிப்பட்டவை. சிலர் வேறொரு சபையின் திருவழிபாட்டு ஆண்டுக்குள் போய்ச் சேர்கிறார்கள்.

முதல் இரண்டு வழிகளிலும் ஒரு பொதுவான ஆபத்து இருக்கிறது. முதலாமவர் சபைக்கு எதிராகக் கொண்டாடுகிறார். இரண்டாமவர் சபை சொன்னதையே வேறு காரணத்துக்காகச் செய்கிறார். இருவருக்கும் அந்தச் சபைதான் இன்னும் நாள் குறித்துக்கொடுக்கிறது. மூன்றாம், நான்காம் வழிகள் மெதுவானவை. ஆனால் அவற்றில் மனிதர் தானாகத் தேர்ந்தெடுக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் மார்லீன் வினெல், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து அந்த விசுவாசத்தை விட்டவர். இப்படி வெளியேறுகிறவர்களுக்காக 1993இல் ஒரு நூல் எழுதினார். கண்டிப்பான மதச் சூழலிலிருந்து வருகிறவர்களின் பயம், குற்ற உணர்வு, முடிவெடுக்க இயலாமை ஆகியவற்றை ஒரு தொகுப்பாகப் பெயரிட்டு 2011இல் முன்வைத்தார். மருத்துவக் கையேடுகள் அதைத் தனி நோயாக ஏற்கவில்லை. ஆனால் அவர் சொன்ன அனுபவம் பலருக்கு உண்மை. பாட்டொன்று கேட்டதும் நெஞ்சு படபடப்பது, மெழுகுவர்த்தி ஏற்றியதும் தண்டனை வரும் என்று தோன்றுவது ஆகியவை விசுவாசம் மிச்சமிருப்பதற்கு அத்தாட்சியல்ல. பழக்கப்பட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். வருடங்கள் போகப்போகத் தணியும். தணியாமல் அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

குடும்பத்துக்குள்

பண்டிகைச் சண்டைகளில் பாதி, இறையியலால் வருவதில்லை. கடைசி நேரத்தில் சொல்வதால் வருகின்றன. சபையிலேயே இருக்கும் பெற்றோருக்கு, இந்த வருடம் எதற்கு வருவேன், எதற்கு வரமாட்டேன் என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. சாப்பாட்டுக்கு வருவேன், ஜெபக்கூட்டத்துக்கு இருக்க மாட்டேன் என்று சொல்லலாம்; ஜெபத்தின்போது அமைதியாக உட்காருவேன், முழங்கால் போட மாட்டேன் என்றும் சொல்லலாம். விவாதத்துக்குப் பண்டிகை மேசை இடமல்ல. ஹிஸ்லப் தவறு என்று அன்று நிரூபித்து வெல்கிறவர் அடுத்த வருட அழைப்பை இழப்பார்.

கணவன் மனைவியில் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் இருந்தால், பிள்ளைதான் நடுவில் அகப்படுகிறது. தாத்தா வீட்டில் பிறந்தநாள் கொண்டாடியதைச் சொல்லாதே என்று பிள்ளையிடம் சொல்லக் கூடாது. ரகசியம் காக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுப்பது, எந்தப் பண்டிகையையும் விடப் பெரிய பாரம். அம்மா இப்படி நினைக்கிறாள், அப்பா இப்படி நினைக்கிறார், நீ வளர்ந்து தீர்மானிக்கலாம் என்று இருவரும் ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் போதும்.

விசுவாசத்தோடு வெளியேறினவர்களுக்கு வேதத்திலேயே வழி இருக்கிறது. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுவதையும் இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுவதையும் ரோமர் 14இல் பவுல் இரண்டையுமே ஏற்று, அவனவன் தன் மனதில் நிச்சயித்திருக்கச் சொல்கிறார். கொலோசெயர் 2இல் பண்டிகை நாளைக் குறித்து யாரும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதீர்கள் என்கிறார். கொண்டாடாதவரைப் பழிப்பதற்கும் இதில் இடமில்லை என்பதை வெளியே வந்தவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊரில்

தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி புதிதல்ல. கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்தவர்களுக்குத் தீபாவளிப் பலகாரம், படைத்த பொங்கல், திருவிழா, சில சபைகளில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் வரை எல்லாம் 'உலகப்பிரகாரமானவை'. மற்ற சபைகளில் அப்படியில்லை. கத்தோலிக்கக் கோயில்களில் பொங்கல் வைக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் அறுப்பின் பண்டிகையும் அசனம் என்னும் பொது விருந்தும் ஊர் கூடும் நாள்கள். கண்டிப்பான சபையை விட்டு இவற்றுக்குள் வருகிறவர், அசனப் பந்தியில் உட்காரும்போது கூட யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதுண்டு.

இந்துக் குடும்பத்திலிருந்து அத்தகைய சபைக்குப் போய், பிறகு அதையும் விட்டவர்களின் நிலை இன்னும் நுட்பமானது. திரும்பி வந்துவிட்டான் என்று வீடு மகிழ்கிறது. அதை நிரூபிக்கத் திருநீறு பூசு, கார்த்திகை விளக்கேற்று, திதிக்கு வந்து நில் என்று கேட்கிறது. ஒரு கட்டாயத்திலிருந்து வந்தவருக்கு அன்பின் பெயரால் மறு கட்டாயம் காத்திருக்கிறது. பலகாரத்தை வாங்கிக்கொள்ளவும், பூசையில் நிற்காமல் இருக்கவும் அவருக்கு இடம் கொடுப்பதே அந்த வீடு செய்யக்கூடிய பெரிய மரியாதை.

முடிவாக

இவ்வளவையும் பார்த்தபின் என் தீர்ப்பு இது. ஒரு பண்டிகை நமக்கு ஆகுமா ஆகாதா என்பதற்கு அதன் தொடக்கம் அளவுகோலாகாது. சபை தடுத்தது என்பதும், சபை கொடுத்தது என்பதும் அளவுகோலாகா. அதை மனம் விரும்பிச் செய்ய முடிகிறதா, வேண்டாமென்று பயமில்லாமல் விடவும் முடிகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வந்தால் அந்த நாள் நம்முடையது. ஒன்றுக்கு மட்டும் ஆம் என்றால் இன்னும் காலம் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்தவர்களுக்குச் சொல்ல விரும்புவது: முதல் வருடமே எல்லாவற்றையும் தீர்க்க வேண்டாம். ஒரு வருடத்துக்கு ஒரு பண்டிகையை எடுத்துப் பாருங்கள், கடன் வாங்காதீர்கள், பழையதில் நல்லதாக இருந்ததை வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் உற்றார் நண்பர்களுக்குச் சொல்ல விரும்புவது: உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த பண்டிகைக்கு அவரைச் சாப்பிட அழையுங்கள். ஏன் விட்டாய் என்றோ, இனி எதை நம்புகிறாய் என்றோ அன்று கேட்காதீர்கள்.